சூடா, காரமா, வெயிலா? ‘ஹாட்’ என்ற ஒரே சொல்லை ஸ்பானிஷில் சொல்வது

ஆங்கிலத்தில் காபி ‘ஹாட்’. மே மாத மதியமும் ‘ஹாட்’. பச்சைமிளகாய் ‘ஹாட்’, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி ‘ஹாட்’, எல்லோரும் பேசிக்கொள்ளும் செய்தி ‘ஹாட்’, கண்ணுக்கு அழகான நடிகரும் ‘ஹாட்’. மூன்றெழுத்தில் இத்தனையையும் அடக்கிவிடும் சொல் அது. ஸ்பானிஷில் இப்படி எல்லாவற்றையும் தாங்கும் ஒரு சொல் இல்லை. அதனால்தான் மொழிபெயர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் இடறும் பெயரடைகளில் இதுவும் ஒன்று.

தமிழர்களுக்கு இந்த இடறல் வரவே கூடாது என்பது என் கட்சி. நாம் காபியைச் சூடு என்கிறோம், மதியத்தை வெயில் என்கிறோம், காற்றில்லாத இரவைப் புழுக்கம் என்கிறோம், மிளகாயைக் காரம் என்கிறோம், பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்கிறோம். ஒன்றை மற்றொன்றோடு நாம் குழப்பியதே இல்லை. ஸ்பானிஷும் ஏறக்குறைய இதே இடங்களில்தான் பிரிக்கிறது. அப்படியிருந்தும் வகுப்பில் மாணவர்கள் மிளகாய்க் குழம்பை அடுப்புச் சூடாக்கி எழுதுகிறார்கள். காரணம், நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலப் பாடநூல் வழியாகப் படிக்கிறோம். ஆங்கிலம் எங்கே குழம்புகிறதோ அங்கே நாமும் குழம்புகிறோம்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குத் தாவாதீர்கள். ‘இதை வீட்டில் எப்படிச் சொல்வேன்?’ என்று ஒரு நொடி தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களை வாய்விட்டுப் படிப்பதற்காகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பானிஷின் த-கரம் பல்லில் நாக்கு தொட்டு வருவது. நம் ‘த்’ போலவே. ஆங்கிலேயருக்குக் கஷ்டமாக இருக்கும் இந்த ஒலி நமக்குத் தானாக வரும். ‘ன்த்தே’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘பத்து’ என்பதில் வரும் வல்லின ஒலியைக் கொடுங்கள். ‘பந்து’ போல மென்மையாக்கிவிட வேண்டாம்.

தொட்டால் சுடுவது

கையால் தொட்டு அறியும் சூட்டுக்குச் சொல் ‘கலியென்த்தே’. காபி, தட்டு, இஸ்திரிப்பெட்டி, வெயிலில் நின்ற கார் இருக்கை எல்லாம் இதில் அடக்கம். வெந்நீர் என்பது ‘ஆகுவா கலியென்த்தே’. ஸ்பானிய உணவகப் பட்டியலில் ‘ப்லாத்தோஸ் கலியென்த்தேஸ்’ என்ற தலைப்பைப் பார்த்தால் சூடாகப் பரிமாறும் உணவு வகைகள் என்று பொருள். காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சூடு என்பது வந்துபோகும் நிலை. ஆகவே ‘இரு’ என்பதற்கு ஸ்பானிஷில் உள்ள இரண்டு வினைகளில் நிலையைக் குறிக்கும் ‘எஸ்த்தார்’தான் இங்கே வரும். ‘எல் கஃபே எஸ்த்தா கலியென்த்தே’, காபி சூடாக இருக்கிறது. இயல்பைக் குறிக்கும் ‘ஸெர்’ வினையைப் போட்டால் கேட்பவர் காதுக்கு உறுத்தும்.

‘கலியென்த்தே’ எ-கரத்தில் முடிவதால் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் மாறாது. பன்மைக்கு மட்டும் கடைசியில் ஒரு ‘ஸ்’. ஆனால் இதன் எதிர்ச்சொல் அப்படியல்ல. தண்ணீர் பெண்பால், முன்னால் ‘எல்’ என்ற ஆண்பால் சுட்டு வந்தாலும் அது ஒலிவசதிக்காகத்தான். எனவே ‘எல் ஆகுவா எஸ்த்தா ஃப்ரீயா’ என்றே வரும், ‘ஃப்ரீயோ’ அல்ல. வெந்நீரில் வெளியே தெரியாத பிழை குளிர்ந்த நீரில் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று. சூடான பாத்திரத்தைக் கொண்டுவரும் ஸ்பானியப் பரிசாரகர் ‘கலியென்த்தே’ என்று சொல்லமாட்டார். ‘குய்தாதோ, கே கேமா’ என்பார். நம் வீட்டில் ‘பாத்து, சுடும்’ என்பது போல. ‘கேமா’ என்பது வினைச்சொல், நம் ‘சுடும்’ என்பதும் வினைச்சொல். ஆங்கிலம் பெயரடையால் எச்சரிக்கும் இடத்தில் இந்த இரண்டு மொழிகளும் வினையால் எச்சரிக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஹாட்’ என்ற பெயரடை ஸ்பானிஷில் சில இடங்களில் பெயர்ச்சொல்லாகும், சில இடங்களில் வினையாகும். பெயரடைக்குப் பெயரடை தேடிக்கொண்டே இருந்தால் சரியான சொல் அகப்படாது.

வெயில், புழுக்கம், ஆள்

வானிலையைச் சொல்லும்போது பெயரடை மறைந்து ‘கலோர்’, அதாவது வெப்பம், என்ற பெயர்ச்சொல் வந்துவிடுகிறது. ‘ஆஸே கலோர்’ என்றால் வெயிலாக இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘வெப்பம் செய்கிறது’. நாம் ‘வெயில் அடிக்கிறது’ என்கிறோமே, அதைப் போல ஒரு வினை வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஸ்பெயினில் பெரும்பகுதியினர் இந்த ‘ஸே’யை நாக்கைப் பல்லிடையே வைத்து உச்சரிப்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் வெறும் ‘ஸே’.

ஆளுக்கு வெக்கையாக இருந்தால் ‘தெங்கோ கலோர்’. ‘எனக்கு வெப்பம் உண்டு’ என்று பிரிக்கலாம். பசி, தாகம், தூக்கம், பயம் எல்லாவற்றுக்கும் ஸ்பானிஷ் இதே அமைப்பைத்தான் வைத்திருக்கிறது. தமிழில் நாமும் ‘எனக்குப் பசி’, ‘எனக்குத் தாகம்’ என்று பெயர்ச்சொல்லைத்தான் வைக்கிறோம். ‘நான் பசியானவன்’ என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கூச்சப்படாமல் சொல்லியாக வேண்டும். ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றி ‘எஸ்த்தோய் கலியென்த்தே’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னால் பாலுணர்வு கிளர்ந்திருக்கிறது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அலுவலகத்தில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை என்று சொல்ல வந்த இளம்பெண் இந்த வாக்கியத்தால் எத்தனை சங்கடப்படுவாள் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஸோய் கலியென்த்தே’ என்பது இன்னும் மோசம். அதையே தன் சுபாவமாகச் சொன்னதாகிவிடும். பல பாடநூல்கள் இதை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன. முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

அர்ஜென்டினாவிலும் உருகுவாயிலும் ‘கலியென்த்தே’ என்றால் கோபமாக இருப்பதையும் குறிக்கும். ‘நோ தே கலியென்த்தேஸ்’ என்றால் ‘சூடாகாதே’. மேலாளர் சூடாகிவிட்டார் என்று நாம் சொல்வதும் இதுவும் ஒன்றே. உடலின் ஒரு பகுதியைச் சொல்லும்போது மட்டும் எந்த ஆபத்தும் இல்லை: கை சூடு, நெற்றி சூடு என்று தாராளமாக ‘கலியென்த்தே’ போடலாம். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தொட்டுப் பார்த்த தாய் ‘எஸ்த்தா ஆர்தியென்தோ’ என்பாள். எரிகிறது என்று நேர்ப்பொருள். நம் ஊரில் ‘அனலா கொதிக்குது’ என்பது.

இனி ‘முய்’, ‘முச்சோ’. இரண்டுக்கும் தமிழில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல் போதும் என்பதால் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். பெயரடைக்கு ‘முய்’, பெயர்ச்சொல்லுக்கு ‘முச்சோ’. காபி ‘முய் கலியென்த்தே’. வெயில் ‘முச்சோ கலோர்’. ‘முய் கலோர்’ என்று ஒருபோதும் வராது.

தென் ஸ்பெயினின் அந்தலூஸியாவில் வெயில் என்றால் விளையாட்டல்ல. கோர்தோபா மாகாணத்து லா ராம்ப்லாவில் 2021 ஆகஸ்ட் 14 அன்று 47.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஸ்பெயினின் உச்ச வெப்பநிலை அது. செவில்யா நகரம் 2022-ல், புயலுக்குப் பெயர் வைப்பது போல வெப்ப அலைக்கும் பெயர் வைத்தது. முதல் அலையின் பெயர் ஸோஎ. அந்த ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் ‘எல் கலோர்’ என்னாமல் ‘லா கலோர்’ என்று பெண்பாலில் சொல்வதைக் கேட்கலாம். இலக்கண நூல்கள் இதை ஏற்பதில்லை. பழைய ஸ்பானிஷின் வழக்கு பேச்சில் தங்கிவிட்டது. கேட்டால் ரசியுங்கள், எழுதாதீர்கள்.

புழுக்கத்துக்கு ஸ்பானிஷில் அழகான சொல் இருக்கிறது: ‘போச்சோர்னோ’. காற்று நின்று, வியர்வை ஆறாமல், மழைக்கு முன்னால் வருமே, அந்தப் புழுக்கம். லத்தீனில் தென்கிழக்குக் காற்றுக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. இதே சொல் நாலு பேர் முன்னிலையில் முகம் சிவந்துபோகும் வெட்கத்தையும் குறிக்கும். நாம் மனப்புழுக்கம் என்கிறோம். பொருள் சற்று வேறுதான், ஆனால் வெளிக்காற்றின் சொல்லை உள்ளத்துக்கு எடுத்துக்கொண்ட விதம் ஒன்று. ஆங்கில மூலத்தில் ‘ஹாட் அண்ட் ஸ்டிக்கி’ என்று இரண்டு பெயரடைகள் வந்தால், கசகசவென்ற புழுக்கத்தை நினைத்துக்கொண்டு தயங்காமல் ‘போச்சோர்னோ’வைப் போடுங்கள்.

காரம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்கப்போகிறேன். தமிழருக்கும் ஸ்பானிஷ் பேசுவோருக்கும் நெருக்கமான இடம் இதுதான்.

நாக்கில் ஏறும் காரத்துக்குப் பெயரடை ‘பிக்கான்த்தே’. ஸ்பெயின் முதல் சிலி வரை எங்கும் புரியும். மெக்ஸிகோவில் ‘பிக்கோஸோ’ என்றும் சொல்வார்கள். ஆனால் பேச்சில் இந்தப் பெயரடைகளைவிட அதிகம் காதில் விழுவது வினைச்சொல்: ‘பிக்கா’. ‘இந்த ஸல்ஸா பிக்கா.’ இந்தச் சட்னி உறைக்கிறது. ‘உறைக்கிறது’ என்ற நம் வினைக்கு இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரிந்து வேறு மொழியில் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘உறைப்பு’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு ‘பிக்கா’ இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

‘பிக்கார்’ என்ற மூலவினைக்குக் குத்துதல், கொட்டுதல் என்று அடிப்படைப் பொருள். கொசு கடித்தாலும் ‘பிக்கார்’, முதுகு அரித்தாலும் ‘பிக்கார்’, சுள்ளென்று வெயில் தைத்தாலும் ‘பிக்கார்’. வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவதும் ‘பிக்கார்’, சாப்பாட்டுக்கு முன் எதையாவது கொறிப்பதும் ‘பிக்கார்’. சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். ‘பிக்காதோ’ என்றால் நறுக்கியது, காரமானது அல்ல.

மெக்ஸிகோ நகரத்தில் ஒரு டாக்கோ வண்டிக்கடையில் நின்றது நினைவுக்கு வருகிறது. கல்லில் இறைச்சி சுருண்டுகொண்டிருந்தது. எலுமிச்சைத் துண்டு, நறுக்கிய கொத்தமல்லி, வெங்காயம், பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கிண்ணம் ஸல்ஸா. சிவப்பைக் காட்டி ‘¿பிக்கா?’ என்று கேட்டேன். ‘நோ பிக்கா, ஹொவேன்’ என்றார் கடைக்காரர். ‘ஹொவேன்’ என்றால் இளைஞரே. அங்கே கடைக்காரர்கள் நரை கண்டவரையும் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு கரண்டி விட்டு வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் என் முகத்தைப் பார்த்து, ‘ஸே என்ச்சிலோ’ என்றார். மிளகாய் என்ற பெயரையே வினையாக்கிய சொல் அது: காரம் ஏறித் தவிப்பது. அந்த நிலையில் இருப்பவர் ‘என்ச்சிலாதோ’. மிளகாய்ச் சாற்றில் தோய்த்த என்ச்சிலாடாவும் இதே வேரில் வந்ததுதான். இதை ஒரே சொல்லில் சொல்ல ஆங்கிலத்தால் முடியாது; நமக்கும் ‘காரம் ஏறிடுச்சு’ என்று இரண்டு சொல் வேண்டும்.

ஸ்பெயினில் நிலைமை வேறு. அங்கே சமையல் பொதுவாகக் காரமற்றது. கலீஸியாவின் பத்ரோன் ஊர்ப் பெயரைத் தாங்கிய சின்னப் பச்சைமிளகாயை எண்ணெயில் வாட்டி உப்புத் தூவித் தருவார்கள். சில உறைக்கும், சில உறைக்காது, எது எதுவென்று கடித்த பிறகே தெரியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. உருளைக்கிழங்கு வறுவலோடு வரும் ‘ப்ராவா’ என்ற சாற்றுக்குக் காரத்தின் பெயரே கிடையாது. ‘முரட்டுத்தனமானது’ என்று பொருள். மெக்ஸிகோக்காரர் நாக்கில் அந்த முரடு ஒன்றும் செய்யாது. ஆகவே ஆங்கில உணவுக் கட்டுரையில் ‘ஹாட்’ என்று இருந்தால், அது எந்த நாட்டு வாசகருக்குப் போகிறது என்று பார்த்த பிறகே ‘முய்’ சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

மிளகாயின் பெயர்களுக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. கொலம்பஸ் மிளகைத் தேடிக் கடலில் இறங்கியவர். 1493 ஜனவரியில், ஹிஸ்பானியோலா தீவில் இருந்தபோது, அங்கத்திய மக்கள் ‘அஹீ’ என்னும் காரமான காயை மிளகின் இடத்தில் உண்பதையும், அது மிளகைவிட மேலானது என்பதையும் தன் நாட்குறிப்பில் எழுதினார். கறுப்பு மிளகுக்கு ஸ்பானிஷில் ‘பிமியென்த்தா’; புதிய காய்க்கு அதையே ஆண்பாலாக்கி ‘பிமியென்த்தோ’ என்று வைத்தார்கள். போர்ச்சுகீசியர் வழியாக அதே காய் நம் கரைக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம்? மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். உலகின் இரு கோடியில் இருந்த இரண்டு மொழிகள், ஒன்றை ஒன்று அறியாமல், ஒரே வேலையைச் செய்தன. ஆங்கிலமோ இரண்டையும் ‘பெப்பர்’ என்று சொல்லிக் குழம்பிக்கொண்டிருக்கிறது. இன்றும் ‘அஹீ’ என்ற தாயினோ மொழிச் சொல் தென் அமெரிக்காவிலும் கரீபியனிலும், ‘ச்சிலே’ என்ற நாவாத்தல் மொழிச் சொல் மெக்ஸிகோவிலும் நடு அமெரிக்காவிலும், ‘பிமியென்த்தோ’ ஸ்பெயினிலும் வழங்குகின்றன.

வெதுவெதுப்பும் அன்பும்

‘கலியென்த்தே’, ‘காலிதோ’, ‘கல்தோ’ மூன்றும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. ‘கல்தோ’ அடுக்களைக்குப் போய் இறைச்சிச் சாறு ஆனது. ‘காலிதோ’ ஏட்டு வழியாக வந்து கொஞ்சம் மரியாதையான சொல்லாக நின்றது. நிலப்பகுதியின் தட்பவெப்பத்தைச் சொல்ல ‘க்லீமா காலிதோ’. இது இயல்பு என்பதால் இங்கே ‘ஸெர்’ வினை வரும்.

மனிதரின் அன்பையும் ‘காலிதோ’ குறிக்கும். கடித முடிவில் ‘ஊன் காலிதோ ஸலூதோ’ என்று எழுதலாம். ‘கலுரோஸோ’ என்பதும் இப்படியே இரண்டு வேலை செய்யும்: ‘ஊன் தீயா கலுரோஸோ’ வெயில் நாள், ‘ஊனா கலுரோஸா பியென்பெனீதா’ உற்சாகமான வரவேற்பு. வெயிலைச் சொல்லும்போது பெயரடை பின்னால், அன்பைச் சொல்லும்போது பெரும்பாலும் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். நமக்கு இங்கே ஒரு மனத்தடை உண்டு. வெயிலில் வதங்கும் ஊர்க்காரர்கள் நாம். அன்பு என்றால் குளிர்ச்சிதான் நம் நினைவுக்கு வரும். மனசு குளிர்ந்தது என்போம், கண் குளிரப் பார்த்தேன் என்போம். ஸ்பானிஷில் ‘ஃப்ரீயோ’ என்றால் ஒட்டாத மனிதர். தமிழில் கேட்டுக்கொண்டு போகச் சொன்ன நானே, இந்த ஓர் இடத்தில் மட்டும் தமிழை ஓரமாக வைக்கச் சொல்வேன்.

வெதுவெதுப்பான நீர் ‘திபியோ’. கம்பளி உடை ‘கலியென்த்தே’ அல்ல, ‘ரோப்பா தே அப்ரீகோ’.

ஊர்ப்பெயர்களிலும் நிலப்பெயர்களிலும் ‘கலியென்த்தே’ நிற்பதுண்டு. மெக்ஸிகோவின் அகுவாஸ்கலியென்த்தேஸ் 1575-ல் நிறுவப்பட்ட நகரம். அருகிலுள்ள வெந்நீர் ஊற்றுகளே அந்தப் பெயருக்குக் காரணம். ‘தியெர்ரா கலியென்த்தே’ என்பது லத்தீன் அமெரிக்காவில் உயரம் குறைந்த வெப்பநிலப் பகுதி. சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் குளிரில் வாழும் பொகோத்தாக்காரர்கள் விடுமுறைக்குத் ‘தியெர்ரா கலியென்த்தே’க்கு இறங்குவார்கள். இதைப் பொத்தாம்பொதுவாகச் ‘சூடான பூமி’ என்று தமிழாக்கினால் பொருள் போய்விடும். சமவெளி என்றோ வெப்பநிலம் என்றோ இடமறிந்து எழுதுங்கள்.

சூட்டோடு சூடாக

‘என் கலியென்த்தே’ என்ற தொடர் நமக்கு முன்பே தெரிந்த தொடர். சூட்டோடு சூடாக. ஆற அமர யோசிக்காமல் முடிவெடுப்பதை ‘தெஸிதீர் என் கலியென்த்தே’ என்பார்கள். ‘நாளைக்குப் பேசிக்கலாம், இப்போ சூட்டுல பேச வேண்டாம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

செய்தித்தாளில் இது கனமான சொல். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமான ஸெஊத்தா, மெலில்யா என்ற இரண்டு நகரங்கள் உள்ளன. எல்லை வேலியைத் தாண்டி வருபவர்களை, எந்த விசாரணையும் பதிவும் இல்லாமல் அந்த இடத்திலேயே மொராக்கோவுக்குத் திருப்பி அனுப்புவதைப் பத்திரிகைகள் ‘தெபொலுஸியோனெஸ் என் கலியென்த்தே’ என்கின்றன. 2015-ல் வந்த சட்டம் இதற்கு ‘எல்லையில் நிராகரித்தல்’ என்ற பொருளில் வேறு பெயர் தந்தது. 2020 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு வழக்கில் ஸ்பெயினுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே செயலுக்கு அரசு ஒரு பெயரும் அதை எதிர்ப்பவர்கள் இன்னொரு பெயரும் வைத்திருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்கு ஒன்றை மற்றொன்றாக மாற்றக் கூடாது. மூலம் ‘என் கலியென்த்தே’ என்றால் ‘சூட்டோடு சூடாகத் திருப்பி அனுப்புதல்’ என்றே எழுதுங்கள். மூலம் சட்டப் பெயரைச் சொன்னால் சட்டப் பெயரையே எழுதுங்கள். அந்த வேலியில் நிற்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை அது.

சொல்லே காணாமல்போகும் இடங்கள்

சில இடங்களில் ‘ஹாட்’ ஸ்பானிஷுக்குள் நுழையவே நுழையாது. எல்லோரும் பேசும் பிரச்சினை ‘தேமா கன்தென்த்தே’. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சொல்லும் சொல் அது. சுடச்சுட வந்த செய்தி ‘தே ஊல்த்திமா ஓரா’, அதாவது கடைசி மணிநேரத்தது. சுடச்சுட அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ‘ரெஸியென் ஏச்சோ’, இப்போதுதான் செய்தது. அமோகமாக விற்பதற்கு ஆங்கிலம் சூடான கேக்கைச் சொல்லும்; ஸ்பெயின் ‘ரோஸ்கில்யா’ என்ற வளையப் பலகாரத்தைச் சொல்லும்; லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் சூடான ரொட்டி. ‘ஹாட் டாக்’ ஸ்பெயினில் ‘பெர்ரித்தோ கலியென்த்தே’, கொலம்பியாவில் ‘பெர்ரோ கலியென்த்தே’, அர்ஜென்டினாவில் ‘பான்ச்சோ’, சிலியில் தக்காளியும் அவகாடோவும் மயோனைஸும் குவித்த ‘கொம்ப்ளேத்தோ’.

திரைப்படத் தலைப்புகளைப் பாருங்கள். பில்லி வைல்டரின் 1959ஆம் ஆண்டுப் படமான ‘ஸம் லைக் இட் ஹாட்’ ஸ்பெயினில் ‘பாவாடையோடும் தலைதெறிக்கவும்’ என்ற பொருள்படும் தலைப்பில் வந்தது. லத்தீன் அமெரிக்காவில் ‘ஒரு ஏவாள், இரண்டு ஆதாம்’. ‘ஹாட்’ என்பது அங்கே ஜாஸ் இசையின் துடிப்பையும் வேறொரு துடிப்பையும் சேர்த்துச் சொன்னது. இரண்டையும் தாங்கும் ஸ்பானிஷ் சொல் இல்லாததால், மொழிபெயர்த்தவர்கள் பெயரடையை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மெக்ஸிகோ எழுத்தாளர் லௌரா எஸ்கிவெலின் 1989ஆம் ஆண்டு நாவலின் தலைப்புக்கு ‘சாக்லேட்டுக்கான தண்ணீர் போல’ என்று நேர்ப்பொருள். அங்கே சாக்லேட் பானத்துக்குத் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள். ஆகவே அந்தத் தொடர் கோபத்தாலோ காதலாலோ உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருப்பவரைக் குறிக்கும். ‘கலியென்த்தே’ என்ற சொல்லே அதில் இல்லை. ஆங்கிலத் தலைப்பு சொற்களை எடுத்துக்கொண்டது, கொதிப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

சரிபார்க்கும் வழி

இருமொழி அகராதி கொடுக்கும் முதல் சொல்லை நம்பி எழுதாதீர்கள். கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை எடுத்துக்கொண்டு ஸ்பானிஷ்-ஸ்பானிஷ் அகராதியில் தேடுங்கள். ஸ்பானிய அரச கல்விக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பொருள் எந்தெந்த நாட்டில் வழங்குகிறது என்பதையும் குறித்திருக்கும். மரியா மோலினேர் என்ற நூலகர் ஆண்டுக்கணக்கில் வீட்டு மேசையில் உட்கார்ந்து தொகுத்து 1966, 1967இல் இரண்டு தொகுதியாக வந்த பயன்பாட்டு அகராதி என்னுடைய முதல் துணை. ஒரு சொல் எதோடு சேரும், எதோடு சேராது என்பதை அவர் போல அக்கறையாகச் சொன்னவர்கள் குறைவு.

மருத்துவமனையில் துபாஷியாக வேலை செய்யப் போகிறவர்கள் மூன்றை மனப்பாடமாக வைத்திருங்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பெல்லாம் திகுதிகுவென்று வரும் ‘ஹாட் ஃப்ளாஷ்’ ஸ்பெயினில் ‘ஸொஃபோக்கோஸ்’, மெக்ஸிகோவில் ‘போச்சோர்னோஸ்’. காய்ச்சலுக்கு எங்கும் ‘ஃபியெப்ரே’ என்றே சொல்லுங்கள். மெக்ஸிகோவில் ‘கலென்த்தூரா’ என்பதும் காய்ச்சல்தான், ஆனால் அர்ஜென்டினாவில் அதற்குக் காமம் என்று பொருள் போய்விடும். நோயாளி ‘மே பிக்கா’ என்றால் காரம் அல்ல, அரிப்பு.

பயணம் போகிறவர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் குழாயில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் குளிர்ந்த நீர். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அதே ‘சி’ ‘கலியென்த்தே’வின் முதல் எழுத்து, குளிர்ந்த நீருக்கு ‘எஃப்’. குழந்தையைக் குளிப்பாட்டத் திறக்கும் முன் எழுத்தைப் பார்த்துவிட்டு, கையையும் நீட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.